இடது சீட்டு முள்

— ஆறு.

— ஆறா? நல்லாப் பார்த்துச் சொல்லு சாயோ.

— ஆயில் பிரஷர் ஆறு கிலோவுக்கு மேல ஒரு மயிரிழை. சத்தியமாக்கா. ஆயில் சூடு அறுபத்தி நாலு.

— அதான் மிதிக்காம வரேன். ஆயில் இன்னும் கூழாட்டம் இருக்கு. இப்ப விரட்டினா பிரஷர் ஏறி ஏதாவது ஒரு ஹோஸைப் பிதுக்கிடும். எண்பதைத் தொடட்டும். அப்புறம் பாரு இந்த தமிகோ யாருன்னு.

— நீ யாருன்னு எனக்குத் தெரியும். நாப்பத்தி நாலு வருசமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

— இந்தா பாரு, வாயைக் குறைச்சு முள்ளைக் கவனி. அது என்ன மடியில, அட்டை?

— ஆப்பிள் பெட்டி அட்டை. நேரத்தாளை எது மேல வச்சு எழுதறது, என் தொடை மேலயா?

— வீட்டுலேர்ந்து கிளம்பறப்ப இல்லையே.

— இங்க வந்து கிடைச்சுது. அறுபத்தெட்டு. பிரஷர் அஞ்சரை.

— நவம்பர் மாசத்துல சூடு மெதுவாத்தான் ஏறும். வெளியில நாலு டிகிரி.

— முன்னெல்லாம் அத்தான் இப்படிக் குளிர் அன்னைக்கு ஆயில் கூலருக்கு முன்னாடி அட்டையைச் சொருகி வைப்பாரே, காத்து படாம.

— இன்னும் என்ன அத்தான்? விவாகரத்துக் காகிதத்துல முத்திரை குத்திக் கொடுத்து ரெண்டரை வருசம் ஆச்சு.

— வாய் பழகிப்போச்சுக்கா. கென்சோ-சான்னு கூப்பிட்டா யாரோ பல் டாக்டரைக் கூப்பிடற மாதிரி இருக்கு.

— எனக்கு அட்டையும் வேணாம், அட்டை வைக்கிற ஆளும் வேணாம். தெர்மோஸ்டாட் போட்டிருக்கேன். ஆயில் சூடாகிற வரைக்கும் கூலர் பக்கமே போகாது. சூடானா தானா வழி திறந்துக்கும். இந்த இன்ஜினை ஒரு ஒரு போல்ட்டா நான் கோத்தேன். அந்த ஆளுக்கு இதுல எங்க என்ன இருக்குன்னுகூடத் தெரியாது.

— எழுபத்தி ஆறு. ஹினோகுச்சி ஊர் முடிஞ்சுது. கடைசி வீட்டுக் கூரையில முள்ளங்கி காயுது.

— முள்ளங்கி எல்லாம் எதுக்கு? நான் ரோட்டைப் பார்க்கிறேன், நீ முள்ளைப் பாரு. அதுக்குத்தானே பிரஷர், சூடு ரெண்டு கடிகாரத்தையும் உன் மூஞ்சிக்கு நேரா வச்சிருக்கு.

— அதை வச்சதும் அத்தான்தான்.

— வச்சது அவர். ஒன்பது வருசம் அதைப் படிச்சது யாரு?

— நீ. நூறு தடவை சொல்லிட்டே.

— நூத்தி ஒண்ணாவது தடவையும் சொல்லுவேன். இடது சீட்டுல ஒன்பது மலையேற்றப் பந்தயம். மலை உச்சியில இருக்கிற தேவதாரு பலகையில என் பேரு எங்கயாவது இருக்கா? ஓட்டினவன் பேரு மட்டும்தான். பத்து ஏறினா பேரைச் செதுக்குவாங்க. முள்ளைப் படிச்சவளுக்கு ஒரு கோப்பை அமசாகே, அந்த இனிப்பு அரிசிக் கஞ்சி. அதுவும் ஆறிப்போனது.

— எண்பது.

— வந்துச்சா?

— எண்பதைத் தொட்டாச்சு. பிரஷர் நாலே முக்கால். சத்தியமா.

— பெல்ட்டை இறுக்கிக்கோ.

— அக்கா, மெதுவா... ஐயோ. கொஞ்சம் சொல்லிட்டுப் போயேன்.

— சொன்னேனே, பெல்ட்டை இறுக்கிக்கோன்னு. கேக்குதா சத்தம்? ஆறு சிலிண்டரும் ஒரே தொண்டையில பாடுது. சொல்லு, எத்தனை?

— நாலரை. எண்பத்தி மூணு. பார்லி டீ தொண்டை வரைக்கும் வந்துடுச்சு.

— குடிக்காதேன்னேன். மேல போற வரைக்கும் வண்டியை விட்டு இறங்க முடியாதுன்னு கொடிக்காரர் ரெண்டு தடவை சொன்னாரு.

— காலு ரோட்டுல பட்டா அவுட். பானெட்டைத் திறக்காதபடி ஒட்டின காகிதம் கிழிஞ்சா அவுட். மேல போய் மூணு நிமிஷம் ஐடிலிங்ல நிக்கறப்ப கீழ விரிச்ச வெள்ளைக் காகிதத்துல ஒரு சொட்டு ஆயில் விழுந்தா அவுட். கோயில் திருவிழாவுக்குக்கூட இத்தனை விதி இல்லை.

— ஊருக்கே குடிதண்ணி இந்தக் காட்டுச் சுனைதான். வழியில நிறுத்தி எவனாவது ஆயிலைக் கொட்டிடுவான்னு பயப்படறாங்க. பயப்பட மாட்டாங்களா? கொட்டிக் காட்டினது நம்ம ஆளுதானே.

— நம்ம ஆளா?

— அந்த ஆளு.

— எண்பத்தி ஏழு, நாலரை. இடது வளைவு, நீளமானது.

— இதுல ஆயில் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கும். படி, விடாமப் படி.

— நாலு. நாலு. மூணே முக்கால். மூணே முக்கால். திரும்ப நாலு. நாலரை.

— பார்த்தியா? ஆயில் தங்கற சம்புக்குள்ள தடுப்புத் தகடு வச்சுப் பத்த வச்சேன். முன்ன இந்த இடத்துல முள்ளு படுத்துடும்.

— அக்கா, நீ சிரிக்கிறே.

— சிரிக்கலை.

— கண்ணாடியில தெரியுது. மூணு வருசத்துக்கு அப்புறம் பல்லு தெரியுது.

— முள்ளைப் பாருன்னேன்.

— தொண்ணூறு. நாலரை. அக்கா, பின்னாடி.

— என்ன பின்னாடி?

— அத்தானோட மஞ்சள் வண்டி.

— அவன் நமக்கு ஒரு நிமிஷம் கழிச்சுல்ல கிளம்பினான். இதுக்குள்ள எப்படி?

— கீழ ரெண்டாவது கொண்டை ஊசி வளைவுல இருக்காரு. லைட் போட்டு போட்டு அணைக்கிறாரு.

— வழி விடச் சொல்றான்.

— ஹாரனும் அடிக்கிறாரு.

— அடிக்கட்டும். இருபத்தோரு வருசம் வீட்டுக்குள்ள அடிச்ச ஹாரன்தானே. "தமி நகரு, தமி வழியை விடு, தமி உனக்குத் தெரியாது." இந்தா பாரு, இன்னைக்கு நான் நகர மாட்டேன்.

— அவர் ஏதோ சொல்ல வர்றாரோ என்னவோ.

— சொல்ல வேண்டியதை எல்லாம் கார் சங்கத்து விருந்துல அறுபது பேர் முன்னாடி சொல்லியாச்சு. "அவ முள்ளைச் சரியாப் படிக்கலை, அதான் இன்ஜின் போச்சு." கையில சாக்கே மதுக் கோப்பையோட சொன்னான். நான் அங்கயே உக்கார்ந்திருந்தேன். மீன் தட்டை நகர்த்திக்கிட்டிருந்தேன்.

— தெரியும்க்கா.

— ரெண்டுன்னு சொன்னேன் சாயோ. தெளிவாச் சொன்னேன். "ரெண்டு, காலை எடு"ன்னு சொன்னேன். எடுக்கலை. பத்து நொடி. ஆயில் இல்லாம இன்ஜின் இறுகிப் பிடிச்சுடுச்சு. பிளாக்கை உடைச்சுக்கிட்டு ராடு வெளியில வந்து, அஞ்சு லிட்டர் ஆயில் சுனைக்கு நாப்பது அடி மேல. ஊர்க்காரங்க மரத்தூள் போட்டுக் கையால துடைச்சாங்க. நான்தான் வீடு வீடாப் பலகாரப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் குனிஞ்சு குனிஞ்சு மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு வருசம் ஏற்றமே நடக்கலை.

— அவரும் வந்தாரே குனியறதுக்கு.

— எனக்குப் பின்னாடி நின்னு குனிஞ்சாரு. எத்தனை இப்ப, சாயோ?

— இரு, பார்க்கிறேன்.

— பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? முள்ளு கண்ணு முன்னாடி இருக்கு.

— பின்னாடி பார்த்தேன். அக்கா, அவரோட பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் போயிட்டு வந்துச்சு. கல்லு உருண்டு கீழ போகுது. ரொம்ப வேகமா வர்றாரு.

— வரட்டும். பத்தாவது ஏற்றம் வேணும்ல, பலகையில பேரு வேணும்ல. நானும் மிதிக்கிறேன். சொல்லு நம்பரை.

— நாலு.

— நாலரையிலேர்ந்து நாலா? சூடு?

— நூறு.

— இப்பத்தானே தொண்ணூறுன்னே.

— ஏறுது. சத்தியமா ஏறுது.

— கூலர் வழி திறந்திருக்கணுமே. பதினாறு வரிசைக் கூலர், குளிர் காத்து. ஏன் ஏறணும்?

— நூத்தி நாலு. மூணே முக்கால்.

— நேர் ரோட்டுலயா?

— நேர் ரோட்டுலதான்.

— மூணாவது கியருக்கு மாத்தறேன். சுத்து குறையட்டும். ஹீட்டரைத் திற. முழுசாத் திற.

— ஹீட்டரா?

— சூட்டை உள்ள இழுக்கும். இன்ஜினுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

— திறந்துட்டேன். ஒன்சேன் வெந்நீர்த் தொட்டியில உக்கார்ந்த மாதிரி இருக்கு. என் பையில இருக்கிற சோத்துருண்டை அவிஞ்சே போயிடும்.

— ஜன்னலை இறக்கு. எத்தனை?

— நூத்தி பன்னெண்டு. மூணு.

— பேரிங் சத்தம் கேக்கலையே.

— காத்துல கேக்காது.

— எனக்குக் கேக்கும். மூணு கிலோ, நூத்தி பன்னெண்டுன்னா இன்ஜின் தொனி மாறும். கனமா இழுக்கும். இது பட்டு மாதிரி போகுது. முள்ளைத் தட்டிப் பாரு, ஒட்டிக்கிட்டிருக்கும்.

— தட்டினேன். இன்னும் இறங்குச்சு. ரெண்டே முக்கால்.

— சாயோ, விளையாடாதே.

— விளையாடுவேனா? சத்தியமாக்கா. ரெண்டரை. நூத்தி இருபது.

— தேவதாரு வளைவு இன்னும் எவ்வளவு தூரம்?

— ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதே இடம்தான். அதே சுனை.

— மணி?

— எட்டு இருபத்தஞ்சு. மேல போக எட்டு நாப்பது வரைக்கும் நேரம் இருக்கு. அக்கா, ஓரம் கட்டு. இடது பக்கம் மரக்கட்டை அடுக்கி வச்சிருக்கிற இடம் வருது, அங்க நிறுத்து.

— நின்னா அவன் தாண்டிடுவான்.

— தாண்டட்டுமே.

— தாண்டிப் போய் மேல நின்னு சிரிப்பான். "சொன்னேன்ல, அவ கையில அந்த வண்டி மலை ஏறாது"ம்பான்.

— அக்கா, ரெண்டு.

— ...

— ரெண்டு. காலை எடு.

— ...

— அக்கா.

— எடுத்துட்டேன். நிறுத்தறேன். இந்தா, நிறுத்திட்டேன்.

— இன்ஜினை அணைக்காதே.

— அணைக்க மாட்டேன். சூட்டோட அணைச்சா ஆயில் அங்கங்கே நின்னு கரிஞ்சுடும். ஆயிரத்து ஐநூறுல ஓட விடறேன். நீ ரெண்டுன்ன உடனே காலை எடுத்தேன் பார்த்தியா? ஒரு நொடி யோசிச்சேனா?

— யோசிக்கலைக்கா.

— முள்ளைப் படிக்கிறவ சொன்னா எடுக்கணும். அவ்வளவுதான். அதுக்கு மேல என்ன இருக்கு இதுல? சரி, போச்சு. எல்லாம் போச்சு. தாண்டிட்டானா அவன்?

— தாண்டலை. பின்னாடி நிறுத்தறாரு.

— எதுக்கு?

— தெரியலை. பக்கத்துல வந்து ஜன்னல் வழியாப் பேசுவார்னு... அக்கா, கதவைத் திறக்கிறாரு. அத்தான், இறங்காதீங்க. அத்தான். காலைக் கீழ வைக்காதீங்க. ஐயோ, வச்சுட்டாரு.

— அந்த ஆளுக்குப் பைத்தியமா? பத்தாவது ஏற்றம்.

— கொடிக்காரர் பார்த்துட்டாரு. சிவப்புக் கொடியைத் தூக்கிட்டாரு. நான் இப்படி நடக்கும்னு நினைக்கலை.

— தமி, இன்ஜினை அணைக்காதே. கேட்டியா? அணைச்சிடாதே.

— எனக்குத் தெரியும். நீங்க ஏன் இறங்கினீங்க?

— முன்னாடி வரேன். ஒரு நிமிஷம். கிரில் வழியாக் கையை விட்டு எடுத்துடறேன். பானெட் காகிதத்தைத் தொட மாட்டேன்.

— எதை எடுக்கப் போறீங்க?

— திட்டு, அப்புறமாத் திட்டு. அதாவது வந்து, காலையில அஞ்சு மணிக்கு என் வண்டிக்குப் போற வழியில உன் வண்டியைத் தாண்டினேன். கண்ணாடியில பனி உறைஞ்சு கிடந்துச்சு. கூலருக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. கையில ஆப்பிள் பெட்டி அட்டை. யோசிக்கலை தமி. கை தானாப் போச்சு. ஒன்பது வருசம் வச்ச கை. சொருகிட்டு நாலு அடி நடந்த அப்புறம்தான் இது இப்ப என் வண்டி இல்லைன்னு உறைச்சுது.

— அப்பவே எடுத்திருக்கலாமே.

— திரும்பினேன். நீ டீக்கடைகிட்டேர்ந்து வந்துக்கிட்டிருந்தே. உன் முகத்தைப் பார்த்துட்டு நிக்கத் தைரியம் இல்லை. நீ எப்படியும் பார்த்து எடுத்துடுவேன்னு நினைச்சேன். கிளம்பற வரிசையில நிக்கறப்ப உன் ஆளுங்க யாரும் முன்பக்கம் குனியவே இல்லை. என் முறை வந்ததும் மிதிச்சேன் பாரு, என் வாழ்க்கையில அப்படி மிதிச்சதில்லை. லைட் போட்டேன், ஹாரன் அடிச்சேன். நீ இன்னும் வேகமாப் போனே.

— வழி கேக்கறீங்கன்னு நினைச்சேன்.

— உன்கிட்ட நான் எப்ப வழி கேட்டிருக்கேன்?

— அதுவும் சரிதான். எப்பவும் கேட்டதில்லை.

— இரு. இங்கதானே... தமி, அட்டை எங்கே?

— என்னைக் கேட்டா?

— காணோம். கை முட்டி வரைக்கும் உள்ள இருக்கு. கூலர் தகடுதான் தட்டுப்படுது. காத்து நல்லா வருது. கூலர் வெதுவெதுப்பாத்தான் இருக்கு. இது நூறைத் தாண்டின கூலர் இல்லையே.

— நூத்தி இருபதுன்னு சொன்னா இவ. சாயோ, நகரு. நானே பார்க்கிறேன்.

— அக்கா, பெல்ட் போட்டிருக்கே, எட்டாது.

— நகருன்னேன்.

— இந்தா, நகர்ந்துட்டேன்.

— தொண்ணூத்தி ரெண்டு. பிரஷர் மூணேகால். ஆயிரத்து ஐநூறு சுத்துல மூணேகால். சாயோ, இது என்ன?

— சொல்றேன். கோவப்படாதே.

— உன் மடியில இருக்கிற அட்டை.

— ஆமா. அதுதான். அவர் சொருகினதை நான் பார்த்தேன். அவர் போனதும் எடுத்துட்டேன். தெர்மோஸ்டாட் இருக்கிறப்ப அது எதுக்குன்னு. நல்ல அட்டை, தூக்கிப் போட மனசு வரலை.

— அப்ப முள்ளு?

— நேர் ரோட்டுல நாலரைக்குக் கீழ இறங்கவே இல்லை. வளைவுல மூணே முக்கால், அது மட்டும் உண்மை.

— சத்தியம் சத்தியம்னு சொன்னியேடி.

— அவர் லைட் போட்டதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு, அட்டை உள்ள இருக்குன்னு பயந்து துரத்தறாருன்னு. சக்கரம் பள்ளத்துல தொங்கறதை என் கண்ணால பார்த்தேன். இன்னும் ரெண்டு வளைவுல ஆளே போயிருப்பாரு. "அத்தான் கூப்பிடறாரு, நிறுத்து"ன்னா நீ நிறுத்தியிருப்பியா?

— மாட்டேன்.

— முள்ளைச் சொன்னா நிறுத்துவே. அது தெரியும். அதான் சொன்னேன். ஜன்னல் வழியா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடுவாருன்னு நினைச்சேன். காலைக் கீழ வைப்பாருன்னு சத்தியமா... இல்லை, சத்தியம் வேணாம். நினைக்கலை. மன்னிச்சுக்குங்க அத்தான்.

— முள்ளைப் பத்திப் பொய் சொல்வியா? இந்த வண்டியில உக்கார்ந்துக்கிட்டு, முள்ளைப் பத்தி?

— உன்கிட்ட கத்துக்கிட்டதுதானேக்கா.

— வாயை மூடு.

— என்ன அது? என்ன கத்துக்கிட்டா?

— ஒண்ணும் இல்லை. நீங்க கையை வெளியில எடுங்க.

— மணி எட்டு முப்பது. நாலு கிலோமீட்டர் இருக்கு. நாம யாரும் இறங்கலைக்கா. நாம இன்னும் ஆட்டத்துல இருக்கோம்.

— தமி, போ. இன்னும் ஏன் நிக்கறே? கையை எடுத்துட்டேன். போ.

— உங்க பத்தாவது?

— அது நான் காலைக் கீழ வச்ச நிமிஷமே போச்சு. கேட்டியா, தேவதாரு வளைவுல ரெண்டாவது கியர்ல நுழையாதே, மூணுல நுழை. ஆயில் ஒதுங்கும்.

— தடுப்புத் தகடு போட்டிருக்கேன்.

— போட்டியா? சம்புக்குள்ளயா? நீயே பத்த வச்சியா?

— ஆமா.

— சரி. அப்ப ரெண்டுல நுழை.

— சாயோ, ஹீட்டரை அணை. நம்பரைச் சொல்லு. இனி ஒரு புள்ளி மாத்திச் சொன்னே, பள்ளத்துல தள்ளி விட்டுடுவேன்.

— தொண்ணூத்தி ஒண்ணு. நாலரை. வெறும் உண்மை.

— படிச்சுக்கிட்டே வா.

— நாலரை. வளைவு வருது. நாலு. மூணே முக்கால். மூணரை. மூணரை. அக்கா, சுனை தாண்டிட்டோம். நாலு. நாலரை. அந்த இடம் தாண்டியாச்சு.

— தாண்டியாச்சா?

— தாண்டியாச்சு. நீ மூச்சு விடலாம்.

— விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மணி சொல்லு.

— முப்பத்தி மூணு. ரெண்டு கொண்டை ஊசி இருக்கு. வலது. மிதி. இடது. நாலரை, தொண்ணூத்தி அஞ்சு. மேல பந்தல் தெரியுது. ஸ்கூல் பிள்ளைங்க கொடியை வச்சுக்கிட்டுக் குதிக்குதுங்க. முப்பத்தி ஏழு. அக்கா, கோடு. கோட்டைத் தாண்டிட்டோம்.

— கத்தாதே. இன்னும் காகிதம் இருக்கு. அந்தப் பெரியவர் கைகாட்டற இடத்துல நிறுத்தணும்.

— விரிக்கிறாங்க. ஷோஜிக் கதவுக்கு ஒட்டற வெள்ளைக் காகிதம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மண்டி போடறாரு.

— ஐடிலிங் எத்தனை காட்டுது?

— ஒண்ணரை. ஆடலை. சூடு தொண்ணூத்தி ஆறு.

— இது போதும். ஒண்ணுக்கு மேல நின்னா போதும்.

— அரை நிமிஷம் ஆச்சு. காகிதத்துல ஒண்ணுமில்லை. அக்கா, அவரையும் மேல வர விட்டுட்டாங்க. மஞ்சள் வண்டி அந்தப் பக்கம் நிக்குது. நடந்து வர்றாரு.

— வரட்டும்.

— தமி, ஜன்னலை இறக்கு.

— இறக்கித்தான் இருக்கு. வண்டியைத் தொடாதீங்க, ஆட்டம் கொடுத்தா எங்கேயாவது சொட்டும்.

— தொடலை. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டிருக்கேன் பாரு. நல்லா ஓடுது. நான் கோத்ததைவிட நல்லா ஓடுது.

— ம்.

— சங்கத்து நோட்டுல உன் பேருக்குக் கீழ ஒண்ணுன்னு கோடு போடுவாங்க. முதல் ஏற்றம்.

— உங்களுக்கு ஒன்பதோட நிக்கும்.

— நிக்கட்டும். கேட்டியா, ஒண்ணு கேக்கணும். கீழ சாயோ சொன்னாளே, உன்கிட்ட கத்துக்கிட்டேன்னு. அது என்ன?

— சாயோ, முள்ளு?

— ஒண்ணரை. பேச்சை மாத்தாதேக்கா. இன்னும் ஒண்ணரை நிமிஷம் இருக்கு, நீ எங்கேயும் ஓட முடியாது.

— சொல்லு, தமி.

— ஒரு கிலோ.

— என்ன ஒரு கிலோ?

— குறைச்சுச் சொன்னேன். இடது சீட்டுல உக்கார்ந்த நாள்லேர்ந்து. முள்ளு நாலுல நின்னா மூணும்பேன். மூணுல நின்னா ரெண்டும்பேன்.

— ஏன்?

— உள்ளதைச் சொன்னா நீங்க மிதிப்பீங்க. குறைச்சுச் சொன்னாத்தான் கொஞ்சமாவது காலை எடுப்பீங்க. எனக்கு இன்ஜினைப் பத்திக் கவலை இல்லை. உங்களை முழுசா மேல கொண்டுவந்து சேர்க்கணும்.

— ம்.

— ம்னா என்ன? திட்டுங்க. சங்கத்துல நீங்க சொன்னது சரின்னு ஆயிடுச்சுல்ல. நான் முள்ளைச் சரியாப் படிக்காதவதான்.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— முதல் வருசமே தெரியும். ஏற்றம் முடிஞ்சு சம்பைக் கழட்டினேன். நீ சொன்ன கணக்குப்படி பேரிங் தேய்ஞ்சு செம்பு தெரியணும். கண்ணாடி மாதிரி இருந்துச்சு, என் மூஞ்சி தெரிஞ்சுது. கடிகாரத்தைப் பட்டறையில வச்சு அளந்தேன். கடிகாரம் சரி. அப்ப குறையறது எங்கேன்னு எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே.

— கேட்டா நிறுத்திடுவே. பக்கத்துல ஒருத்தி எனக்காக ஒரு கிலோ பயந்துக்கிட்டு உக்கார்ந்திருக்கா. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

— அப்ப நான் சொல்ற நம்பரை?

— ஒண்ணு கூட்டிக்குவேன். நீ ரெண்டுன்னா மூணு. அதாவது வந்து, பழக்கமாயிடுச்சு. கூட்டறேன்னே தெரியாமக் கூட்டுவேன்.

— அக்கா, மூணு நிமிஷம் ஆச்சு. காகிதத்தை எடுக்கிறாரு. வெயில்ல தூக்கிப் பிடிக்கிறாரு. ஒரு சொட்டு இல்லை. பச்சைக் கொடி. அக்கா, உனக்குத்தான். அக்கா?

— இரு சாயோ.

— தமி, ஏன் அழறே? ஜெயிச்சுட்டே.

— அந்தக் கடைசி வருசம். தேவதாரு வளைவுல. முள்ளு விழுந்த வேகத்தைப் பார்த்துப் பயந்துட்டேன். குறைக்கிறதுக்கு நேரமே இல்லை. கண்ணுல பட்டதை அப்படியே கத்தினேன். அன்னைக்கு அது ரெண்டுலதான் நின்னுச்சு. கேட்டுச்சா உங்களுக்கு?

— கேட்டுச்சு.

— நீங்க அன்னைக்கு...

— அன்னைக்கும் கூட்டினேன், தமி.